ஒலிச் சோதனை

இந்த அவையில் முதலில் ஒலித்த சொல் தமிழ்.
யாரும் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.
கம்பளத்தின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நாளில்
நாற்பது இருக்கைகளிலும் மாறி மாறி உட்கார்ந்து
ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.
"கேக்குதா?"
மேல்மாடத்திலிருந்து வெள்ளைச்சாமி
"கேக்குது" என்றான்.
அன்றைய விவாதம் அவ்வளவுதான்.
ஒருமனதாக நிறைவேறியது.

மனாமாவில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் செப்டம்பர்.
அப்போதுதான் வந்தார்கள், உதவ வந்தவர்கள்.

ஹெல்சிங்கியிலிருந்து கைசா.
சுவர் முழுக்க வண்ணத் தாள்களை ஒட்டினாள்:
மஞ்சளில் பங்கேற்பு, பச்சையில் நம்பிக்கை,
இளஞ்சிவப்பில் என்னவோ.
இரவெல்லாம் ஏசி ஓடியதில்
விடியும்போது பாதி உதிர்ந்து கிடந்தன.
பெருக்க வந்த சில்ஹெட்காரர்
நம்பிக்கையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு
என்னிடம் கேட்டார்:
"இது குப்பையா, வேணுமா?"

அக்ராவிலிருந்து வந்தவர் அட்ஸோ.
அங்கே அவையில் முப்பத்தோரு வருஷம் எழுத்தர்.
திரை போட்டுப் படம் காட்டவில்லை அவர்.
ஒன்றுதான் கேட்டார்:
"ஜனங்கள் வரும் கதவு எது?"

காட்டினார்கள்.
கார் நிறுத்தம் தாண்டி, ஜெனரேட்டர் தாண்டி,
உள்ளிருந்து மட்டும் திறக்கும் இரும்புக் கதவு.
பஸ் நிறுத்தத்துக்குப் போய்
அங்கிருந்து அவரே நடந்து வந்தார்.
இருபத்திரண்டு நிமிஷம்.
கழுத்துப்பட்டையைப் பிழிந்து பையில் வைத்தார்.
அறிக்கையில் ஒரே வரி எழுதினாராம்.
பத்தாம் நாள் தெருப்பக்கச் சுவரை
உடைக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வழியாகத்தான் வந்தார் மர்ஹூன்.
கடல்மணல் தோண்டும் கப்பல் பற்றிய விசாரணை.
பொதுமக்கள் மைக்கில் ஆளுக்கு மூன்று நிமிஷம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
சிவப்பு எரிந்தால் நான் அடைக்க வேண்டும்.
என் வேலை அது.

ஸலாம் சொன்னார்.
தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
தாளை மறுபடி.
ஒன்றரை நிமிஷம் அவை முழுக்க
அவர் மூச்சு மட்டும் கேட்டது.
நல்ல மைக். நான் பொருத்தியது.

பிறகு தாளை மடித்துவிட்டுப் பேசினார்.
மீன் வந்து சிக்கும் வேலியடைப்பைச் சொல்ல
இரண்டு கைகளையும் வளைத்தார்.
கண்ணாடிக் கூண்டில் மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார்.
நான் வேம்பாற்றுக்காரன்.
எனக்கு அந்தக் கை போதும்.

சிவப்பு எரிந்தது.
செயலர் நஜீபா என்னைப் பார்த்தார்.
நான் கீழே கிடந்த ஒயரைப் பார்த்தேன்.
யாரோ ஓர் உறுப்பினர் மேசையைத் தட்டினார்.
தலைவர் கையைத் தூக்கினார்,
என்ன நினைத்தாரோ, மீசையை நீவிவிட்டு இறக்கினார்.
என் விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே
நூல் கனம் இடைவெளி.
அதற்குள் மர்ஹூன் ஆறு நிமிஷம் பேசினார்:
வலையில் வரும் சேறு,
டீசல் கடன்,
போன வாரம் படகை விற்ற மைத்துனன்.

மறுநாள் குறிப்பில் அச்சாகியிருந்தது:
தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேரம் நீண்டது.
அந்தக் கோளாறு நான்தான்.

கப்பல் இன்னும் தோண்டுகிறது.
கேள்வி அமைச்சகத்துக்குப் போயிருக்கிறது,
பதில் வர நாற்பது நாள் என்கிறார்கள்.
கைசாவின் அறிக்கையில் மக்கள் பங்கேற்பு
ஏதோ சதவீதம் கூடியிருக்கிறது.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
உதிர்ந்த தாள்களை எடுத்து
தானே முட்டிபோட்டு மறுபடி ஒட்டியவள்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை.
ஊரில் இருக்கிறது.
நான் போகாவிட்டாலும்
ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் விழுந்துவிடுகிறது,
போட்டவருக்கு ஆயுசு கெட்டி.

அடுத்த செவ்வாய்க்குப் பதினேழு பேர் பதிந்திருக்கிறார்கள்.
ஒரு பெண்மணி போனில் கேட்டாராம்:
"எனக்கு உயரம் கம்மி, மைக் எட்டுமா?"
ஸ்டாண்டின் திருகு இறுகிக் கிடக்கிறது.
எண்ணெய் விட்டிருக்கிறேன்.
காலையில் ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும்.